ஒம்போது மாசத்துல நடந்தவனோட அம்மா

குழந்தைக்குப் பத்து மாதம் தாண்டியதும் அவர் வாசலுக்கு வந்துவிடுவார். கையில் ஒரு கொத்து முருங்கைக்கீரை இருக்கும். கீரை கொடுக்க வரவில்லை என்பது அவருக்கும் தெரியும், நமக்கும் தெரியும்.

“இன்னாம்மா, புள்ள நடக்குதா?”

“இன்னும் இல்லக்கா. புடிச்சிக்கினு நிக்குது.”

“அப்பிடியா?” பாதி அனுதாபம், பாதி திருப்தி. பிறகு, நாம் கேட்காமலே: “எங்க பையன் ஒம்போது மாசத்துல நடந்துட்டாம்மா.”

எங்கள் மணலி புதுநகரில் இந்த அக்காவைத் தேடிப் போக வேண்டியதில்லை. ரேஷன் கடை வரிசையில் நமக்கு முன்னால் நிற்பார். அங்கன்வாடியில் எடை பார்க்கும் நாளில் தராசுக்குப் பக்கத்தில் இருப்பார். மணலி மார்க்கெட்டில் ஷேர் ஆட்டோ ஏறினால் எதிர் சீட்டில் இருப்பார். வண்டி ஆண்டார்குப்பம் செக்போஸ்ட்டைத் தாண்டுவதற்குள் பல் எத்தனை, பேச்சு வந்ததா, மொட்டை எங்கே, இரண்டாவது எப்போது என்று மளமளவென்று முடித்துவிட்டு நடைக்கு வந்து சேருவார். பல்லும் பேச்சும் அவருக்கு ஒப்புக்குத்தான்.

நாங்கள் இருக்கும் தெருவில் ஒருவர் இருக்கிறார். நான் எழுதுவது அவரைப் பற்றித்தான் என்று யாராவது சொன்னால் மறுக்கும் தெம்பு எனக்கு இல்லை. ராத்திரி மூன்று தடவை எழுந்தவளிடம் அதையெல்லாம் எதிர்பார்க்கக் கூடாது.

அக்காவின் பையன் நடந்த கதைக்கு ஒரு குணம் உண்டு. நாளாக நாளாக அவன் இளமையாகிக்கொண்டே போவான். பொங்கலன்று முதன்முதலாகக் கேட்டபோது, “பதினோரு மாசம் இருக்கும், சட்டுனு எழுந்து நடந்தான்” என்றார். சித்திரையில் அது பத்து மாதமானது. ஆடி மாதம் கூழ் ஊற்றும்போது தெருவே கூடியிருந்ததால் ஒன்பதுக்கு வந்தது. கேட்க ஆள் இருந்தால் ஒரு மாதம் குறையும் போலிருக்கிறது. புரட்டாசியில் எங்கள் ஊர் அய்யா வைகுண்ட தர்மபதி கோயில் தேரைப் பார்க்கப் போயிருந்தோம். அந்தக் கூட்டத்தில், செண்டைச் சத்தத்துக்கு நடுவில், என் காதுக்கருகே குனிந்து, “எட்டரை இருக்கும்மா, செவுத்தக்கூடப் புடிக்கல” என்றார். இந்தக் கணக்கில் போனால் அடுத்த பொங்கலுக்குள் அந்தப் பையன் ஆஸ்பத்திரியிலிருந்து தானே நடந்து வீட்டுக்கு வந்திருப்பான்.

கதையோடு விட்டால் பரவாயில்லை. பரிசோதனையும் உண்டு. அரசுத் தடுப்பூசி அட்டவணையில் ஒன்பதாம் மாதம் தட்டம்மை-ரூபெல்லா ஊசி போட்டால், அடுத்த ஊசி பதினாறு மாதத்துக்குப் பிறகுதான். நடுவில் இருக்கும் ஏழு மாதம் நர்ஸம்மா குழந்தையைப் பார்க்க வேலையில்லை. அந்த ஏழு மாதத்தை இந்த அக்கா எடுத்துக்கொண்டுவிட்டார். வந்தவுடன் செருப்பைக் கழற்றுவார், என் பெண்ணின் இரண்டு அக்குளிலும் கை கொடுத்துத் தூக்கி நடுக்கூடத்தில் நிறுத்துவார். அவளும் புது விளையாட்டு என்று நினைத்து, கால் கட்டைவிரல் இரண்டையும் தரையில் ஊன்றி, வயிற்றை முன்னால் தள்ளி, வாயோரம் எச்சில் வழிய நிற்பாள். அக்கா மெதுவாகக் கையை எடுப்பார். ஒரு நொடி. பிறகு தொப்பென்று உட்கார்ந்துவிடுவாள். டயபர் புண்ணியத்தில் அடிபடாது. உட்கார்ந்ததும் அக்காவைப் பார்த்துக் கைதட்டுவாள். அக்கா என்னைப் பார்ப்பார். “பயம். புள்ளைக்கு பயம் இருக்கு. நீ எப்பவும் இடுப்புலயே வச்சிக்கினு இருக்க, அதான்.” ஆக, கடைசியில் குற்றவாளி நான்.

அடுத்தது வைத்தியம். கொலுசு போடு, சத்தம் கேட்கிற ஆசையில் நடப்பாள். போட்டேன். என் பெண் உட்கார்ந்த இடத்திலேயே காலை ஆட்டி சத்தம் கேட்டுக்கொள்ளும் வழியைக் கண்டுபிடித்தாள். பிறகு கொலுசை வாயில் வைத்தாள். நல்லெண்ணெய் தேய்த்துத் தொடையை உருவிவிடு. அதுவும் ஆயிற்று, எண்ணெய்க் காலோடு டைல்ஸ் தரையில் நிற்கச் சொன்னால் பெரியவர்களே விழுவோம். அப்புறம், கடல் மணலில் குழி பறித்து இடுப்பு வரை புதைத்து நிற்க வை. ராயபுரத்திலிருந்து எண்ணூர் வரை கடல் அரிக்கிறது என்று கரை நெடுகக் கருங்கல்லைக் கொட்டியிருக்கிறார்கள். பிள்ளையைப் புதைக்க மணலைத் தேடி எந்தக் குப்பத்துக்குப் போவது?

கடைசி அஸ்திரம், வாக்கர். “தேரடியில விக்கிறான், சக்கரம் வச்சது. போட்டு உட்டா ஒரே வாரம்.” அந்தச் சக்கர வாக்கரில் குழந்தைகள் படியில் உருண்டு, அடுப்பங்கரைக்குப் பாய்ந்து அடிபடுகிறார்கள் என்று கனடாவில் 2004-லேயே தடை செய்துவிட்டார்கள், பழைய வாக்கரை விற்றால்கூடக் குற்றம், அதில் உட்கார்ந்து உருளும் பிள்ளை நடக்கக் கற்றுக்கொள்வதும் கிடையாது என்று சொல்லிப் பார்த்தேன். அக்கா கொஞ்ச நேரம் யோசித்தார்.

“கனடாவுல குளிரு. அதான்.”

இதற்கு என்ன பதில் சொல்வது? எனக்கும் ரோஷம் வந்துவிட்டது. பிள்ளை தூங்கிய நேரத்தில் போனில் தேடி எடுத்து வைத்துக்கொண்டு, மறுநாள் அவர் வந்ததும் ஆரம்பித்தேன். உலக சுகாதார நிறுவனம் ஐந்து நாடுகளில் 816 குழந்தைகளைப் பின்தொடர்ந்து பார்த்து 2006-இல் வெளியிட்ட கணக்கு அது. பிடிமானம் இல்லாமல் தானாக நடக்கும் வயது எட்டு மாதத்திலிருந்து பதினேழரை மாதம் வரை எங்கே வேண்டுமானாலும் விழலாம், எல்லாமே சரிதான். நூற்றில் நாலு குழந்தைகள் முட்டி போட்டுத் தவழவே இல்லை, அவர்களும் நடந்துவிட்டார்கள். பதினெட்டு மாதமாகியும் நடக்காவிட்டால்தான் டாக்டரிடம் காட்ட வேண்டும்.

“எந்த அஞ்சு நாடு?”

“கானா, நார்வே, ஓமன், அமெரிக்கா. நம்ம இந்தியாவும் இருக்குதுக்கா.”

“இந்தியான்னா? மெட்ராஸா?”

“டெல்லி.”

“அத்தப் பாரு. கோதும துன்ற புள்ளைங்க.”

அத்தோடு உலக சுகாதார நிறுவனம் எங்கள் தெருவை விட்டுப் போய்விட்டது.

இவ்வளவு புகழ்பெற்ற அந்தப் பையன் இப்போது என்ன செய்கிறார் என்று நீங்கள் கேட்கலாம். எண்ணூர் பக்கம் ஒரு கன்டெய்னர் யார்டில் வேலை. நல்ல பையன், என்னைப் பார்த்தால் தலையைக் குனிந்துகொண்டு போவார். எங்கள் வீட்டிலிருந்து நாலாவது வீடு பால் கடை. அங்கே அரை லிட்டர் பாக்கெட் வாங்க பைக்கை உதைத்து ஸ்டார்ட் செய்து, ஹெல்மெட் இல்லாமல், போய் வருவார். எட்டரை மாதத்தில் நடக்க ஆரம்பித்தவர் இருபத்திரண்டு வயதில் நிறுத்திவிட்டார். சீக்கிரம் ஆரம்பித்ததால் சீக்கிரம் அலுத்திருக்கும்.

உண்மையை எனக்குச் சொன்னது அக்காவின் மாமியார். ஆயாவுக்குக் கண் மங்கல், காது கூர்மை. ஒரு சாயங்காலம் அவர்கள் வீட்டுத் திண்ணையில் என் பெண்ணை மடியில் வைத்துக்கொண்டு, உள்ளே குக்கர் சத்தம் போடும் நேரம் பார்த்து, தணிந்த குரலில் ஆரம்பித்தார். “அவனா? ஒன்ற வயசு வரைக்கும் குந்திக்கினே தேச்சிக்கினு வருவான். எத்தினி டவுசர் கிழிச்சிருக்கான்! இவ அழுவா. நடக்கலியே, நடக்கலியேன்னு ராத்திரில அழுவா. நாங்கெல்லாம் கேட்டுக்கினே இருப்போம்ல? என் தங்கச்சி பேரன் பத்து மாசத்துல நடந்தான்னு நாந்தான் சொல்லிக்கினு கெடப்பேன்.” சொல்லிவிட்டு, பல்லில்லாத வாயால் சிரித்தார். அந்தத் தங்கச்சி பேரன் உண்மையில் எப்போது நடந்தானோ!

அதைக் கேட்டதிலிருந்து அக்காவைத் திட்ட எனக்கு முழுசாக மனது வரவில்லை. தெரு அவரைப் பற்றிச் சொல்வதும் அப்படி. 2015-லும் 2021-லும் பூண்டி ஏரியைத் திறந்து கொசஸ்தலை ஆறு பெருகி மணலி புதுநகருக்குள் தண்ணீர் வந்தபோது, அக்கா தன் மாடி வீட்டைத் திறந்துவிட்டு, கீழ் வீட்டுக்காரர்களுக்கெல்லாம் சோறு வடித்துப் போட்டாராம். கைக்குழந்தைக்காரிகளை விசிறிக்கு அடியில் படுக்க வைத்தாராம், கரண்ட் இல்லாவிட்டாலும். அந்தக் குழந்தைகளின் அம்மாக்களிடமும் ‘நடக்குதா’ என்று கேட்டிருப்பார். தண்ணீருக்குள் எங்கே நடப்பது என்று யாரும் திருப்பிக் கேட்டிருக்க மாட்டார்கள். சோறு போடுகிறவரை யார் எதிர்த்துப் பேசுவது?

நான் கேட்கிறேன். எங்கே நடப்பது?

வீடு இரண்டு அறை. ஒன்றில் நைட் ஷிப்ட் முடித்துவிட்டு வந்த வீட்டுக்காரர் மதியம் வரை தூங்க வேண்டும்; கிலுகிலுப்பையைக்கூடத் துணியில் சுற்றித்தான் கொடுக்கிறேன். மற்றொன்றில் கட்டில், பீரோ, தண்ணீர் பிடித்து வைத்த நீல டிரம், காயவைக்க வழியில்லாத துணி. காலையில் பினாயில் போட்டுத் துடைத்த தரையில் பதினோரு மணிக்குத் தவழ்ந்தால் பிள்ளையின் முட்டி இரண்டும் கறுத்துப் போகிறது. மை தடவினதுபோல ஒரு கறுப்பு. துடைத்தால் ஈரத்துணியில் வரும், மறுநாள் திரும்ப வரும். ஜன்னலைச் சாத்தினால் தூசி குறையும், புழுங்கும். திறந்தால் சில ராத்திரிகளில் ஒரு நெடி வரும். எங்கிருந்து என்று கேட்டால் ஒவ்வொருவரும் வேறு திசையைக் காட்டுவார்கள். 1960-களின் கடைசியிலிருந்து எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலையும் உரத் தொழிற்சாலையும் வந்த பக்கம் இது. மூன்று தலைமுறை இருமிப் பழகிவிட்டதால் கேட்பதையும் விட்டுவிட்டார்கள்.

சரி, வெளியே விடலாமென்றால் பொன்னேரி நெடுஞ்சாலையில் டிரெய்லர் லாரி நிற்காமல் போகிறது. துறைமுகத்துக்குப் போகிறதும் வருகிறதும், நாற்பது அடிப் பெட்டியைச் சுமந்துகொண்டு. பெரியவர்களே ரோட்டைக் கடக்கப் பிள்ளையார் கோயிலில் வேண்டிக்கொண்டு நிற்கிறோம். நடைபாதை என்று இருக்கும் இடத்தில் லாரி தூங்குகிறது. பிள்ளைகள் தட்டுத்தடுமாறி நடக்க, விழுந்தால் புல்லில் விழ, சின்னதாக நிழலுள்ள ஒரு பார்க் நடந்துபோகும் தூரத்தில் இருந்தால் அக்காவின் கேள்விக்கு நான் பதில் சொல்லத் தயார். இது சிரிப்புக்கு இல்லை. ஒரு வயதுப் பிள்ளைக்கு நடக்கத் தெரியவில்லை என்று ஒரு தெருவே கவலைப்படுகிறது. நடக்க இடம் இல்லை என்று ஒருவரும் கவலைப்பட்டு நான் பார்க்கவில்லை.

முதல் பிறந்தநாள் வந்தது. முகப்பில் என் பெண் படத்தோடு பேனர் வைத்தார்கள், மாமனார் ஆசை. சொந்தமெல்லாம் வந்து பொதுத்தேர்வு ரிசல்ட்டுக்குக் காத்திருப்பதுபோலக் கேக் மேசையைச் சுற்றி நின்றார்கள். சித்தப்பா ஒரு பக்கம், “வாடி செல்லம், வா வா” என்று சாவிக்கொத்தை ஆட்டினார். மறுபக்கம் நான் அவளைப் பிடித்துக்கொண்டு நின்றேன். நடுவில் நாலடி தூரம். ஹால் முழுக்க போனைத் தூக்கிப் பிடித்திருந்தது. அவள் இரண்டு பக்கமும் பார்த்தாள். நிதானமாக உட்கார்ந்தாள். முட்டி போட்டு மேசைக்கடியில் போய், விரிப்பைப் பிடித்து இழுத்து, கேக்கை ஓரத்துக்கு வரவழைத்து, கையை மணிக்கட்டு வரை உள்ளே விட்டாள். வந்திருந்தவர்களில் வேண்டியதை வேண்டிய இடத்திலிருந்து அடைந்தவள் அவள் ஒருத்திதான்.

அக்கா முன்வரிசையில் இருந்தார். வாயைத் திறந்தார். ஆயா பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். அக்கா வாயை மூடிக்கொண்டார். அந்த ஒரு நிமிடத்துக்காக ஆயாவுக்கு ஒரு புடவை எடுத்துக் கொடுக்கலாமென்று இருக்கிறேன்.

இதை எழுதும் வரை என் பெண் நடக்கவில்லை. நடந்தால் நானே ஆள் அனுப்பிச் சொல்கிறேன், தெரு முழுக்க. அதுவரை எங்கள் தெருவிலும் உங்கள் தெருவிலும் இருக்கும் அக்காக்களுக்கு ஒரு விண்ணப்பம்: ஒரு வயதுப் பிள்ளை இருக்கும் வீட்டு வாசலில் ‘நடக்குதா’ என்று கேட்பதற்குப் பதில், பிள்ளையை வாங்கி ஒரு பத்து நிமிடம் வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் பையன் கதையை அவளிடமே சொல்லுங்கள், எட்டு மாதம் என்றே சொல்லுங்கள். நான் போய்த் தலைக்குக் குளித்துவிட்டு வந்துவிடுகிறேன்.