அறுதந்தி விசாரம்

இக்கட்டுரையின் தலைப்பைக் கண்ட மாத்திரத்தில், ‘அறுதந்தி’ என்பது அறுந்த தந்தி, அறுகின்ற தந்தி, அறப்போகும் தந்தி என்று முக்காலத்துக்கும் விரியும் வினைத்தொகைதானா, அன்றி அறுசுவை என்பதைப் போல ஆறு என்னும் எண் குறுகி நின்ற தொகையா என்ற சந்தேகம் கற்றறிந்தோர் உள்ளத்தில் உதிக்கவே செய்யும். ஆறு தந்தி உடையது சாதாரணக் கிட்டார்; நாம் விசாரிக்க எடுத்துக்கொண்ட பேஸ் கிட்டாருக்குத் தந்தி நான்கே; ஆகவே இரண்டாவது பொருள் இங்கே செல்லாது என்று ஒரே வாக்கியத்தில் முடித்திருக்கலாம். ஒரே வாக்கியத்தில் முடிவதை முடியாதபடி செய்வதற்குத்தானே ஆராய்ச்சி என்று பெயர்! நான்கு தந்தியாதலின் ‘நாற்றந்தி விசாரம்’ என்று பெயரிடலாகாதா எனின், லகரம் றகரமாகத் திரிந்து வந்த அச்சொல்லைக் கேட்போர் முதலில் மூக்கைப் பிடித்துக்கொள்வர். அப்பெயரிலும் ஓரளவு நியாயம் உண்டென்பது பின்னர் கொதிநீர்ப் படலத்தில் விளங்கும்.

களம், ஹைதராபாத்தின் கீழ்த்திசையில், தார்நாகாவையும் ஹப்ஸிகூடாவையும் தாண்டி மல்லாபூருக்குப் போகும் வழியிலே, ஒருபுறம் தொழிற்பேட்டையும் மறுபுறம் ஈ.எஸ்.ஐ. ஆஸ்பத்திரியுமாக அமைந்த நாச்சாரம். என். டி. ராமராவின் ராமகிருஷ்ணா ஸ்டூடியோ இவ்வூரில் இருந்ததாதலின் சங்கீத சம்பந்தமான துர்ச்சம்பவங்கள் இங்கே நிகழ்வதில் ஆச்சரியப்பட இடமில்லை. உத்தியோக நிமித்தமாக எங்கள் மாடியறையில் வந்து தங்கியிருக்கும் என் தமக்கை மகன், ஓர் இரவு பதினொரு மணிக்குப் படியிறங்கி வந்து, முகம் வாடி, “மாமா, ஈ போச்சு” என்றான். ஈ போனதற்கு இத்தனை துக்கமா என்று நான் வியந்தேன். போனது பூச்சியன்று, பேஸ் கிட்டாரின் மிகத் தாழ்ந்த சுருதிக்குரிய தந்தி என்பது புரிந்ததும் என் வியப்பு ஆராய்ச்சியாகப் பரிணமித்தது.

அத்தந்திகளின் நாமதேயங்களை முதற்கண் ஆராய்தல் முறையாகும். தாழ்ந்ததிலிருந்து உயர்ந்ததற்கு ஏறி வந்தால் அவை ஈ, ஏ, டி, ஜி எனப்படும். ஒன்றை வேண்டிக் கேட்கும்போது ‘ஈ’ என்று கேட்பவன் தாழ்ந்தோன், ‘தா’ என்பவன் நிகரானவன், ‘கொடு’ என்பவன் உயர்ந்தோன் என்று தொல்காப்பியர் சொல்லதிகாரத்தில் வகுத்து வைத்திருக்கிறாராதலின், நான்கிலும் தாழ்ந்த தந்திக்கு ‘ஈ’ என்று பெயர் அமைந்தது தற்செயலாகாது. அதற்கு மேலுள்ள ‘ஏ’, தெருவோடு போகிறவனைக் கூப்பிடும் விளி. ‘டி’, மனைவியை அழைக்கலாம் என்று முன்னோர் கருதியதும், அழைக்கலாகாது என்று நான் அனுபவத்தில் தெளிந்ததுமான விளி. ‘ஜி’யோ வடவர் மரியாதை, ஹைதராபாத்தில் அது தாராளமாகக் கிடைக்கும். ஆகவே வினாடிக்கு நாற்பத்தொரு அதிர்வுள்ள ஈயிலிருந்து தொண்ணூற்றெட்டு அதிர்வுள்ள ஜிக்கு ஏற ஏற மரியாதை பெருகுகிறது, சரீரமோ 2.7 மில்லிமீட்டரிலிருந்து 1.1 மில்லிமீட்டராக இளைக்கிறது. இக்கருவியை 1951-இல் அமெரிக்காவில் லியோ ஃபெண்டர் என்பவர் ‘பிரிஸிஷன் பேஸ்’ என்ற பெயரில் வெளியிட்டார் என்று மேல்நாட்டார் கூறுவர். இதற்குச் சுருதி வகுத்தவன் தமிழனே என்று நிறுவ எனக்கு இன்னும் ஒரே ஒரு சான்றுதான் தேவைப்படுகிறது. அது கிடைக்கும் வரையில், நம்மவர் வழக்கப்படி, கிடைத்துவிட்டதாகவே கொண்டு மேலே செல்வோம்.

தந்தி அறுந்ததற்கு மூல ஆதாரம் எங்கள் கட்டடத்துக் காவலாளியின் திருவாக்கு. மறுநாள் விடியற்காலையில் அவர் மாடியை நோக்கிக் கையைக் காட்டி, “தீக தெகிந்தி” என்றார் (காவலாளி வாய்மொழி, கேட்டருகுப் பிரதி, முதல் பீடிக்கும் இரண்டாம் பீடிக்கும் இடைப்பட்டது). தெலுங்கில் ‘தீக’ என்பது கம்பி, கொடி, தந்தி என்று பலவாறு பொருள்படும். இடம் நோக்கி இங்கே தந்தி என்று கொண்டோம். ‘தெகிந்தி’ என்றால் அறுந்தது. இவ்வளவில் எல்லாம் சுகமாக முடிந்திருக்கும். ஆனால் பால்காரர் வழியாக வந்த பிரதியில் ‘திகிந்தி’ என்று பாடம் காணப்படுகிறது (பால்காரர் பிரதி, கீழ்ப்படி மரபு, அரை லிட்டர் ஊற்றிய நிலையில் கூறியது, எஞ்சிய அரை லிட்டருக்குள் திருத்தப்படாதது). ‘திகிந்தி’ என்றால் இறங்கிற்று. அறுந்தது என்பாரும், அறவில்லை, சுருதி இறங்கிற்று, அவ்வளவே என்பாரும் இவ்வாறு இரு கட்சியாகப் பிரிய, மேல்வீட்டு மாமி சமையலறை ஜன்னலின் வழியாக மூன்றாவது பாடம் ஒன்றை அருளினார் (மாமி வாக்கு, ஜன்னற் பிரதி, இரண்டாம் விசிலுக்கும் மூன்றாம் விசிலுக்கும் இடையே தொடங்கி, மூன்றாம் விசிலால் நடுவே சிதைந்து, பருப்பு வெந்த பிறகு பொருள் மாறி முடிந்தது, சிதைந்த பகுதி எம்மால் இட்டு நிரப்பப்பட்டது). இட்டு நிரப்பிய பகுதியே தெளிவாகவும் நம் கொள்கைக்கு இணக்கமாகவும் இருப்பதால் அதையே முதன்மையாகக் கொண்டோம். ஏடு செல்லரித்த இடத்தில்தான் பதிப்பாசிரியரின் புலமை தங்குதடையின்றி நடமாட இயலும் என்பதைப் பதிப்புத் தொழிலில் இருப்பவர்கள் வாய்விட்டுச் சொல்வதில்லை.

இனித் தந்தி அறும் ஸ்தானங்கள். நடுவே அறுவது மிக அபூர்வம், விடுக. தலைப்பக்கத்தில் நட் என்னும் தாங்கியின் பள்ளத்தில் சிக்கித் தேய்வதற்குப் பென்சில் கரியைப் பள்ளத்தில் தடவினால் போதும். பிரடையருகே அறுவதற்குக் கட்டுகிறவனின் அவசரமே காரணம்: தந்தியை முதலில் செங்கோணமாக மடித்துப் பிறகு வெட்டாமல், வெட்டிவிட்டு மடித்தால், சிலவகைத் தந்திகளில் மேற்சுற்று தளர்ந்து உட்கம்பியை விட்டு நழுவும், இரண்டு மூன்று சுற்றுக்கு இடம் விட்டு, ஒன்றன்மேல் ஒன்று ஏறாமல் கீழ்நோக்கிச் சுற்றுவதே உத்தமம்.

நான்காவது ஸ்தானம் குதிரை. இங்கே சற்றுத் தங்குவோம். வீணைக்கும் தம்புராவுக்கும் தந்தியைத் தாங்கும் அங்கத்தைக் குதிரை என்று அழைத்தனர் நம் முன்னோர். வெள்ளைக்காரர் அதையே பாலம் என்று பெயரிட்டனர். பெயரிட்டதோடு நில்லாமல், அப்பாலத்தின் மேல் ஒவ்வொரு தந்திக்கும் ஒரு சிறு தாங்கியை வைத்து அதற்குச் ‘சேடில்’, அதாவது சேணம், என்றும் நாமகரணம் செய்தனர். பாலத்துக்குச் சேணம் எதற்கு? ஆற்றின் மேல் கிடக்கும் பாலத்தின் முதுகில் சேணம் பூட்டி ஏறி உட்கார்ந்தவன் எங்கே போய்ச் சேர்வான்? சேணம் இருந்த இடத்தில் முன்னர் ஒரு குதிரை இருந்திருக்க வேண்டும், அக்குதிரை நம்முடையது, கப்பலேறிப் போகும் வழியில் குதிரை இறந்து சேணம் மட்டும் கரை சேர்ந்தது என்று அனுமானிப்பதே நியாய சாஸ்திரத்துக்கு ஒத்தது. இதை மறுப்போர், குதிரையே அரபு நாட்டிலிருந்து கப்பலில் இங்கு வந்ததன்றோ, ஆகவே குதிரை என்னும் பெயர்தான் இரவல் என்பர் (எதிர்வீட்டு ஓய்வுபெற்ற கணக்கர், மாலை நடை உரை, மூன்றாம் சுற்று, மூச்சிரைப்பால் பிற்பாதி கிடைக்கவில்லை, கிடைத்த முற்பாதியும் பெரும்பாலும் தம் மூட்டுவலியைப் பற்றியது). இதற்கு மறுப்பும், மறுப்புக்கு மறுப்புமாக நான் எழுதி வைத்திருக்கும் தாள்கள் ஒரு குதிரை சுமக்கும் பாரம் இருக்கும்.

பண்டை நூலோர் இவ்விஷயத்தில் நம்மைவிட நேரான புத்தியுடையவர்கள். யாழ் நரம்புக்குக் குற்றம் நான்கு என்று வகுத்து, கொடும்புரி, மயிர், தும்பு, முறுக்கு என்று அவற்றுக்குப் பெயரும் இட்டு முடித்தார்கள். சீவகசிந்தாமணியில் காந்தருவதத்தையின் இசை மண்டபத்தில் சீவகன் தன்னிடம் நீட்டிய யாழை மீட்டுவதற்கு முன் கையில் வாங்கிப் பார்த்து, மரத்துக்கும் நரம்புக்கும் குற்றம் சொல்லி ஒதுக்கினான். வாங்கிப் பார்த்தான் என்பது கவனிக்கத்தக்கது. விபுலாநந்த அடிகளும் 1947-இல் வெளிவந்த ‘யாழ் நூல்’ எழுதுவதற்குப் பல்லாண்டு இசைக் கணக்கில் முங்கிக் கிடந்தார். கருவியைத் தொடாமலே கருவியைப் பற்றி எழுதும் சுருக்க வழி அக்காலத்தில் பிரபலமாகவில்லை போலும்.

திருஞானசம்பந்தரின் பதிகத்தை யாழில் இசைக்க மாட்டாமல் திருநீலகண்ட யாழ்ப்பாணர் கருவியையே முறிக்கத் துணிந்ததும், சம்பந்தர் தடுத்தாட்கொண்டதும் தருமபுரத்து வரலாறு. அவ்வாறே நானும் மாடிக்கு ஓடித் தடுத்தேன் என்று எழுத ஆசைதான். என் மருமகனோ கருவியை ஓங்கவுமில்லை, வருந்தவுமில்லை. “ஒண்ணு அறுந்தாலும் நாலும் சேர்ந்த செட்டாத்தான் வாங்கணும் மாமா” என்று என் சட்டைப்பையைப் பார்த்தான்.

தந்தியின் தேக அமைப்பைப் பற்றிச் சிறிது. பென்சிலில் பாதிப் பருமன் இருக்கும் இவ்வீ எப்படி அறும் என்று பாமரர் கேட்பர். கண்ணுக்குத் தெரியும் பருமனெல்லாம் மேலே சுற்றிய கம்பியினுடையது. அதுவும் ஒரு சுற்றன்று, ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு மூன்று சுற்று. இழுவை முழுவதையும் தாங்குவது உள்ளேயிருக்கும் மெல்லிய எஃகுக் கம்பி ஒன்றே. முப்பத்துநான்கு அங்குல நீளத்தில் நான்கு தந்தியும் சேர்ந்து இழுக்கும் இழுவை எழுபது, எண்பது கிலோ. அதாவது ஓர் ஆள் இராப்பகலாகத் தொங்கிக்கொண்டிருப்பதற்குச் சமம். உள்ளே ஊசியளவு விஷயத்தை வைத்து, மேலே அடிக்குறிப்பை மூன்று சுற்றுச் சுற்றிப் பருமன் காட்டும் நூல்களைச் சர்வகலாசாலை நூலகங்களில் கண்டிருக்கிறேன். அவை மட்டும் அறுவதே இல்லை, எவரும் மீட்டாமையால்.

வியர்வையின் உப்பும் ஒரு காரணம். சென்னையில் கடற்காற்றே தந்தியைத் துருவேற்றிவிடும். தக்காணப் பீடபூமியில் அப்பழியைக் காற்றின் மேல் போட இயலாது, கைதான் குற்றவாளி. வாசித்து முடித்ததும் உலர்ந்த பருத்தித் துணியால் துடைத்து வைக்க வேண்டும். பழைய வேட்டி சிலாக்கியம். தந்தியைக் கட்டைவிரலால் அறைந்தும், ஜியையும் டியையும் விரலால் கொக்கிபோட்டு இழுத்து விட்டும் வாசிக்கும் ‘ஸ்லாப்’ முறை ஆயுளைக் குறைக்கும். டெட்ராய்ட் நகரத்து மோடவுன் பதிவுகளில் வாசித்த ஜேம்ஸ் ஜேமர்ஸன், வழவழப்பான சுற்றுடைய பருமனான தந்திகளைப் பூட்டி, வலக்கை ஆட்காட்டி விரல் ஒன்றாலேயே வாசித்து, அவற்றை மாற்றாமலே காலம் தள்ளினார் என்பது பிரசித்தம். இளையராஜாவின் பாடல்களில் சசிதரன் வாசித்த பேஸைக் கேட்டு வளர்ந்த என் மருமகனுக்கு இதைச் சொன்னபோது, “அது வேற மாமா” என்றான். எதற்கும் அவ்வாறுதான் சொல்கிறான்.

இனிக் கொதிநீர்ப் படலம். பழந்தந்தியின் சுற்றுகளுக்கிடையே அழுக்கு ஏறி நாதம் மங்கினால், அதைக் கழற்றி வெந்நீரில் கொதிக்க வைத்துத் திரும்பப் பூட்டும் வழக்கம் பேஸ் வாத்தியக்காரரிடையே உலகெங்கும் உண்டு. நாச்சாரத்தில் இது ஈயச் சொம்பில் நடைபெற்றது. ரசம் வைக்கலாம் என்று அடுப்பருகே வந்த என் மனைவி, சொம்பினுள் நான்கு கம்பிகள் பாம்புபோல் சுருண்டு, பழுப்பு நிறமாக நுரை கக்குவதைக் கண்டு எழுப்பிய ஓசையின் அதிர்வெண் ஜிக்கும் பல ஸ்தாயி மேலே. மூக்கைப் பிடித்துக்கொண்டு நான் போய்ப் பார்த்தபோதுதான் ‘நாற்றந்தி’ என்னும் புணர்ச்சியின் பொருத்தத்தை முழுமையாக உணர்ந்தேன். கொதிக்க வைத்ததை ஈரமறத் துடைக்காவிட்டால் துரு பிடிக்கும். கழற்றிப் பூட்டும் ஒவ்வொரு தடவையும் பழைய மடிப்பிலேயே உட்கம்பி மறுபடி மடிந்து களைத்துப்போகும். ஈயச் சொம்புக்கு நேரும் தீங்கைப் பற்றி வீட்டில் தனிச் சாசனமே பிறந்திருக்கிறது (சமையலறைச் சாசனம், வாய்மொழி, அன்று முதல் நாள்தோறும் மறுபதிப்பு, ஒவ்வொரு பதிப்பிலும் விரிவான புதிய முன்னுரையுடன்).

ஆராய்ச்சி இந்நிலையில் செழித்து வளர்ந்துகொண்டிருந்தபோது என் மருமகன் ஒரு துரோகம் செய்தான். புதுத் தந்தி பூட்டிய பத்தாம் நாள், அதே ஈ, அதே இடத்தில், மறுபடி அறுந்தது. அவனும் கருவியைத் தூக்கிக்கொண்டு தொழிற்பேட்டையில் லேத் பட்டறை வைத்திருக்கும் ஒருவரிடம் போய்விட்டான். அவர் தொல்காப்பியத்தையோ குதிரைக் கட்சியையோ விசாரிக்கவில்லை. ஈக்குரிய சேணத்தின் மேல் நகத்தை ஒருமுறை ஓட்டி, “இதிகோ” என்றார். கண்ணுக்கு எளிதில் புலப்படாத பிசிறு ஒன்று, தந்தி படியும் பள்ளத்தின் விளிம்பில் நின்றிருந்தது. ஒவ்வொரு மீட்டலிலும் அது தந்தியைச் சுரண்டியிருக்கிறது. நைஸான உப்புத்தாளைக் குச்சியில் சுற்றி நாலு தடவை இழுத்தார். காசு வாங்கவில்லை.

அன்று முதல் ஆறு மாதமாகத் தந்தி அறவில்லை. இரண்டே தரவுகளோடு ஆராய்ச்சி ஸ்தம்பித்து நிற்பதால், இருக்கின்ற மூலத்தையாவது செம்மைப்படுத்துவோம் என்று காவலாளியிடம் சென்று, அன்று அவர் மொழிந்தது ‘தெகிந்தி’யா, ‘திகிந்தி’யா என்று கேட்டேன். தெகிந்திதான் என்று அவர் உறுதியாகக் கூறிவிட்டு, மொட்டைமாடிக்கு அழைத்துப்போய்க் காட்டினார். அவர் ‘தீக’ என்றது துணி உலர்த்தும் கொடியை. அன்றிரவுக் காற்றில் அதுவும் அறுந்திருக்கிறது. அறுந்த இரண்டு முனைகளையும், குப்பையில் கிடந்த ஒரு பருத்த கம்பியைக் கொண்டு அவரே முடிந்து வைத்திருக்கிறார். முடிச்சைக் கிட்டே போய்ப் பார்த்தேன். முதலில் அறுந்த ஈ. அதன் மேல் என் வேட்டி காய்ந்துகொண்டிருந்தது, குறுக்கே மெல்லிய ஒரு துருக்கோட்டுடன்.