துண்டுக்கு அடியில் காயும் மானம்

உப்பிலியபுரத்தில் கத்திரி வெயில் பச்சைமலையில் மோதித் திரும்பி இன்னொரு தரம் அடிக்கும். அந்த வெயிலில் இந்த வாதம் நடப்பதாக வைத்துக்கொள்வோம். பேசுபவர்கள் இருவர். ஒருவர் ஓய்வுபெற்ற ஆசிரியை. உலகத்தில் ஒவ்வொரு பொருளுக்கும் ஒரு விதி உண்டு, அதைக் காப்பாற்றும் பொறுப்பு தமக்கு உண்டு என்று நம்புகிறவர். மற்றவர் அவருடைய அண்ணன் மகள். திருச்சியில் படித்து அங்கேயே வேலை பார்ப்பவர், எதற்கும் சான்று கேட்கும் கெட்ட பழக்கம் உள்ளவர். விவாதப் பொருள், பாடி போடுவதா வேண்டாமா என்பது. இருவரும் கற்பனை மனிதர்கள். அவர்கள் காட்டும் ஆதாரங்கள் கற்பனை இல்லை.

அத்தை: வீட்டுக்குள்ள இருந்தாலும் பாடி போடணும்டி. போடாம திரிஞ்சா தொங்கிப்போகும்னு வாட்ஸ்அப்புல ஒரு டாக்டரே சொல்லியிருக்காரு. புத்துநோய் வரும்னு இன்னொரு டாக்டர் சொல்லியிருக்காரு. அது போட்டா வருமா, போடாட்டி வருமாங்கிறதுதான் மறந்துபோச்சு. ரெண்டுல ஒண்ணு.

மகள்: போட்டா வரும்ங்கிறதுதான் அத்தை அந்தப் பேச்சு. 1995ல அமெரிக்காவுல ஒரு கணவனும் மனைவியும் சேர்ந்து எழுதின புத்தகம் கெளப்பிவிட்டது. வயசு, உடம்பு எடை, எத்தனை பிள்ளை பெத்தாங்கன்னு நோய்க்குக் காரணமாகக்கூடிய எதையும் கழிச்சுப் பாக்காம, எத்தனை மணி நேரம் போட்டிருந்தாங்கங்கிறத வச்சே முடிவு கட்டிட்டாங்க. 2014ல சியாட்டில் நகரத்து பிரெட் ஹட்சின்சன் புற்றுநோய் ஆய்வு மையத்துக்காரங்க அத முறையா சோதிச்சாங்க. மாதவிடாய் நின்ன பெண்கள், 55 வயசுலருந்து 74 வரைக்கும். நோய் வந்தவங்க ஆயிரத்துக்கு மேல, வராதவங்க 469 பேரு. எந்த வயசுல போட ஆரம்பிச்சாங்க, நாளைக்கு எத்தனை மணி நேரம், கம்பி வச்சதா, என்ன சைஸ்னு எல்லாம் கேட்டுப் பாத்தாங்க. எதுக்கும் நோய்க்கும் சம்பந்தம் கெடைக்கல. தொங்குற கதையும் அப்படித்தான். 2013ல பிரான்சுல பெசான்சோன் ஊர் பேராசிரியர் ஒருத்தர், 18லருந்து 35 வயசுக்குள்ள 330 பெண்கள வருஷக்கணக்கா கவனிச்சுட்டு, போடுறதால மார்புக்கு ஒரு நன்மையும் தெரியலன்னு நீங்க சொல்றதுக்கு நேர் எதிரா சொன்னாரு. எல்லாப் பெண்களுக்கும் இது பொருந்தும்னு எடுத்துக்காதீங்கன்னு அவரே எச்சரிச்சாரு. அந்த எச்சரிக்கை மட்டும் பார்வர்டுல வராது. கென்டக்கி பல்கலைக்கழகத்து பிளாஸ்டிக் சர்ஜன் பிரையன் ரிங்கர் மார்பு தொங்குறதுக்கு 2007ல சொன்ன காரணங்கள்ல வயசு இருக்கு, எடை இருக்கு, எத்தனை தரம் கர்ப்பமானாங்கங்கிறது இருக்கு, சிகரெட்டு இருக்கு. பால் கொடுத்தா தொங்கும்னு ஊரே பயமுறுத்துதே, அது இல்ல.

அத்தை: அடப்பாவமே, நாப்பது பேருக்கு அனுப்பிட்டேனே.

மகள்: அவங்க ஆளுக்கு நாப்பது பேருக்கு அனுப்பியிருப்பாங்க. விடுங்க.

அத்தை: விடமாட்டேன். நீ சொல்றதப் பாத்தா அது ஒண்ணுத்துக்கும் ஆகாத துணி. அப்ப கபடி ஆடுற பிள்ளைங்க? ஓட்டப் பந்தயத்துக்குப் போறதுங்க? பாரம் உள்ளவ நாள் முழுக்க வெங்காயக் காட்டுல குனிஞ்சு களை எடுத்தா கழுத்து என்னத்துக்கு ஆகும்? இதுக்கு உன் சியாட்டில்காரன் பதில் சொல்லுவானா?

மகள்: இது நல்ல கேள்வி. இதுல நான் உங்க கட்சி. மார்புக்குள்ள எலும்பு கிடையாது, தசையும் கிடையாது. தோலும் கொஞ்சம் நார்த்திசுவும்தான் தாங்குது. இங்கிலாந்துல போர்ட்ஸ்மத் பல்கலைக்கழகத்துல ஜோனா ஸ்கர் குழு இத அளந்து பாக்குறதையே வேலையா வச்சிருக்கு. ஓடும்போது மார்பு மேலயும் கீழயும் மட்டும் போகல; பக்கவாட்டுலயும் முன்னும் பின்னும் சேர்ந்து எட்டு போடுது. இறுக்கிப் பிடிக்கிற விளையாட்டு பாடி போட்டா அந்த ஆட்டமும் வலியும் கொறையுது. அதனால கபடி ஆடுற பிள்ளைக்கு அது கண்டிப்பா வேணும். ஆனா நம்ம ஊருல அந்தப் பிள்ளைக்கு யாரு வாங்கிக் கொடுக்குறா? கடையில ஜாக்கெட் அளவச் சொல்லி 34ன்னு கேட்டா ஒரு அட்டைப்பெட்டி வரும். கப் அளவு என்னன்னு விக்கிறவரும் கேக்க மாட்டாரு, வாங்குறவங்களும் வாயத் தெறக்க மாட்டாங்க. கண்ணாலயே பேசி முடிச்சு பேப்பர்ல சுத்திக் கொண்டுவருவோம். தேவைக்காகப் போடச் சொல்றதா இருந்தா அளவப் பத்தித்தானே மொதல்ல பேசியிருப்போம்? நீங்க 30 வருஷம் பள்ளிக்கூடத்துல இருந்தீங்க. பொம்பளப் பிள்ளைங்கள வரிசையா நிக்க வச்சு துப்பட்டாவுல ஊக்கு குத்தியிருக்கான்னு பாத்தீங்க. உனக்கு அது கடிக்குதா, பட்டி தோளை அறுக்குதான்னு ஒருத்திகிட்ட கேட்டதுண்டா?

அத்தை: அதெல்லாம் கேக்குற விஷயமா? நம்ம பண்பாடுன்னு ஒண்ணு இருக்குல்ல.

மகள்: பண்பாட்டுக்கு ஸ்ரீரங்கத்துலருந்தே ஆரம்பிக்கலாம். பழைய செப்புத் திருமேனிகள்ல பெருமாளுக்கு ரெண்டு பக்கமும் நாச்சியார் நிப்பாங்க. யாரு ஸ்ரீதேவி, யாரு பூதேவின்னு பிரிச்சுச் சொல்ல சிற்பிகள் வச்ச அடையாளத்துல முக்கியமானது மார்க்கச்சு. ஸ்ரீதேவிக்கு உண்டு, பூதேவிக்கு இல்ல. நடுவுல நிக்கிறவர் இது வரைக்கும் ஒரு வார்த்தை சொன்னதா எந்த ஸ்தலபுராணத்துலயும் நான் கேள்விப்படல. சாமிய விடுங்க, மனுஷங்களுக்கு வருவோம். நம்ம பக்கத்துல பழைய கிழவிங்க ரவிக்கையே போடாம சேலைய மட்டும் சுத்திக்கிட்டுக் கதிர் அறுத்தாங்க. அவங்களப் பாத்து மானம் போச்சுன்னு எவனும் சொன்னதில்ல. இப்ப நாம போடுற பாடிக்கு நியூயார்க்குல ஒரு பொண்ணு பேடண்ட் வாங்குனது 1914 நவம்பர்ல. ரெண்டு கைக்குட்டையும் ரிப்பனும் வச்சுத் தச்சது. அப்புறம் அத 1,500 டாலருக்கு ஒரு கம்பெனிக்கு வித்துட்டா. நாம ஆதிகாலப் பண்பாடுன்னு பேசுறதுக்கு வயசு நூத்தி சொச்சம்.

அத்தை: சரி, பண்பாட்ட வாபஸ் வாங்கிட்டேன். ஊரு? ஊரு என்ன சொல்லும்னு ஒண்ணு இருக்குல்ல?

மகள்: ஊரு என்ன சொல்லும்னுதான் சரித்திரத்துல எழுதியிருக்கே. இன்னிக்குக் கன்னியாகுமரி மாவட்டமா இருக்கிற தெற்குத் திருவிதாங்கூர்ல நாடார் பெண்கள் மார்ப மறைச்சதுக்கு அடி வாங்குனாங்க. போடலன்னு இல்ல அத்தை, போட்டாங்கன்னு. மேல்சாதி ஆளுக முன்னாடி மாரு தெறந்து நிக்கிறதுதான் அன்னிக்கு அந்த ஊரு சொன்ன மரியாதை. மதம் மாறுன பெண்கள் தோள்சீலை போட ஆரம்பிச்சதும் சந்தையில வச்சுக் கிழிச்சாங்க. 1829ல அரசாங்கமே, குப்பாயம்ங்கிற சட்டைன்னா சரி, தோள்சீலை கூடாதுன்னு அறிவிச்சுது. முப்பது வருஷம் கலவரம், வீடு எரிப்பு. கடைசியில சென்னை கவர்னர் சார்லஸ் டிரெவெல்யன் நெருக்கினதுக்கு அப்புறம் 1859 ஜூலை 26ஆம் தேதி மகாராஜா உத்தரவு போட்டாரு. மறைச்சுக்கலாம், ஆனா மேல்சாதிப் பெண்கள் போடுற மாதிரி போடக்கூடாதாம். அனுமதி கொடுக்கும்போதும் எப்படிப் போடணும்ங்கிறத அவங்களே வச்சுக்கிட்டாங்க.

அத்தை: இதெல்லாம் எங்க பாடத்துல வரல.

மகள்: ஒன்பதாம் வகுப்பு மத்தியப் பாடப் புத்தகத்துல வந்துச்சு. 2016 கடைசியில, அந்தப் பகுதியிலருந்து கேள்வி கேக்கக்கூடாதுன்னு சி.பி.எஸ்.இ. சுற்றறிக்கை விட்டுச்சு. சரி, பழைய கதைன்னே வைங்க. 2022 ஜூலை 17, கொல்லம் மாவட்டம் ஆயூர். நீட் தேர்வு எழுத வந்த பிள்ளைங்ககிட்ட, கொக்கி இரும்பா இருக்கு, கழட்டி வச்சுட்டுப் போன்னாங்க. மூணு மணி 20 நிமிஷப் பரீட்சை. ஆம்பளப் பசங்களும் உக்காந்திருக்கிற ஹாலு. முடிய முன்னால எடுத்துப் போட்டு மறைச்சுக்கிட்டு எழுதினதா வீட்டுக்காரங்க புகார் கொடுத்தாங்க. ஊழியர்கள் சிலர் கைதானாங்க. செப்டம்பர் 4ஆம் தேதி மறுதேர்வு வச்சாங்க. 2017லயும் கண்ணூர்ல இதே கதைதான். இத்தன நாளா போடாம வெளிய போகாதன்னு சொல்லி வளர்த்த ஊருதான், அன்னிக்குக் கழட்டாம உள்ள போகாதன்னு சொல்லுச்சு. 1829ல போடாதன்னுது, அப்புறம் போடுன்னுது, பரீட்சை வாசல்ல கழட்டுன்னுது. ஊரு சொல்றது மாறிக்கிட்டே இருக்கு. சொல்ற எடத்துல உக்காந்திருக்கிறது மட்டும் மாறல.

இங்கே எழுதுபவர் சற்றுக் குறுக்கிட வேண்டியிருக்கிறது. அத்தை சொல்லும் விதி ஒற்றை விதி அல்ல. போடாமல் இருப்பது தெரிந்தால் குற்றம். போட்டிருப்பது தெரிந்தாலும் குற்றம். தோளில் பட்டி எட்டிப் பார்த்தால் பேருந்தில் முன்பின் அறியாத பெண்மணிகூடக் கைநீட்டி உள்ளே தள்ளிவிடுவார். துவைத்தபின் கொடியில் தனியாகத் தொங்கினால் வீட்டின் மானம் தெருவுக்கு வந்துவிடும். ஆகவே உள்பாவாடைக்கு அடியிலோ துண்டுக்கு அடியிலோதான் அது காய வேண்டும். அரசு அலுவலக லஞ்சத்தைப் போல, இருப்பது எல்லோருக்கும் தெரிய வேண்டும், எவர் கண்ணிலும் படக்கூடாது. இந்த மறைப்புக்கு விலையும் உண்டு. வெயிலும் காற்றும் படாத துணி ஈரம் முழுதாகப் போகாமலே மறுநாள் உடம்புக்கு வருகிறது. மார்புக்குக் கீழே தோலும் தோலும் உரசும் மடிப்பில் வியர்வை தேங்கி அரிப்பும் பூஞ்சைப் படையும் வருவது நம் வெக்கையில் சாதாரணம். அதை யாரிடமும் காட்டாமல் சொறிந்துகொண்டே காலம் தள்ளுவதும் சாதாரணம். ஒரு துணியை ஒழுக்கத்தின் சின்னமாக உயர்த்திவிட்டால் அதன் அளவு, சுத்தம், காயவைப்பது எதைப் பற்றியும் வாய்விட்டுப் பேச முடியாது என்பதற்கு இதைவிட நல்ல சான்று தேவையில்லை. இனி அத்தை பேசலாம்; அவரிடம் கடைசியாக ஒரு வாதம் மிச்சம் இருக்கிறது.

அத்தை: எல்லாம் சரிடி. துறையூர் பஸ்ஸுல ஏறுனா எவன் கண்ணு எங்க நிக்கும்னு எனக்குத் தெரியும். நான் உன்னத் திட்டுறது அவனுக்காக இல்ல, உனக்காக. அவன் கண்ணத் திருத்த என்னால முடியாது. உன் சட்டையத் திருத்த முடியும்.

மகள்: நீங்க சொல்றதுலயே எனக்குப் பதில் சொல்லச் சங்கடமா இருக்கிறது இதுதான் அத்தை. அதனால வெளிய போகையில நானும் போட்டுட்டுத்தான் போறேன். பாடி போட்டவளப் பாக்காத கண்ணுன்னு ஒண்ணு அந்த பஸ்ஸுல இருக்கா, சொல்லுங்க. துப்பட்டாவும் போட்டு, ஊக்கும் குத்திக்கிட்டு நிக்கிற பிள்ளைய இடிக்கிறான்ல? அது காப்பாத்தும்னா எப்பவோ காப்பாத்தியிருக்கணும். தப்பு செய்றவனுக்கு ஒரு விதியும் இல்ல, படுறவளுக்கு ஒம்பது விதி. மாமா நாப்பது வருஷமா சட்டை பனியன் ஒண்ணும் இல்லாம திண்ணையில உக்காந்து பேப்பர் படிக்கிறாரு. அவரு மாரப் பாத்துட்டு யாராவது வந்து பண்பாடு பேசுனாங்களா?

அத்தை: அவரு மாரப் பாக்க யாரு வருவா? என்ன தைரியத்துல பேசுற?

மகள்: நீங்களே சொல்லுங்க. பொழுது சாஞ்சதும் கழட்டி ஆணியில மாட்டிட்டு நைட்டி போடுறீங்க. வாசல்ல குழாத் தண்ணி வந்தா நைட்டி மேல ஒரு துண்டப் போட்டுக்கிட்டுக் குடத்தத் தூக்கிட்டுப் போறீங்க. தெருவுல அத்தன பேரும் அப்படித்தான் வர்றாங்க. துண்டு எதுக்குன்னு அத்தன பேருக்கும் தெரியும். ஆக, எப்பப் போடுறது, எப்பக் கழட்டுறதுன்னு இந்தத் தெருவுல ஒவ்வொருத்தியும் தினமும் தானே முடிவு பண்ணிக்கிட்டுத்தான் இருக்கா. அமெரிக்காவுல 1968ல அழகிப் போட்டி நடந்த எடத்துல பெண்கள் குப்பைத்தொட்டி வச்சு பாடியத் தூக்கிப் போட்டாங்க. எரிச்சாங்கன்னு உலகம் பூரா பேசுறாங்க, ஆனா அன்னிக்கு ஒண்ணும் எரியலன்னுதான் அத நடத்துனவங்க சொன்னாங்க. நீங்க தொட்டியும் வைக்கல, கோஷமும் போடல. ஒரு துண்டோட முடிச்சிட்டீங்க. நான் கேக்குறது அந்த உரிமைய எனக்கும் கொடுங்கன்னுதான். போடச் சொல்லியும் கேக்கல, கழட்டச் சொல்லியும் கேக்கல.

அத்தை: நைட்டிய ஏண்டி இழுக்குற நடுவுல... சரி, எழுதிக்க. துறையூர் போனா நான் போடுவேன். வீட்டுக்கு வந்தா கழட்டுவேன். உனக்கும் கபடிக்காரிக்கும் என்ன தோதோ அத நீங்க பாத்துக்கங்க. நாளையிலருந்து நம்ம வீட்டுக் கொடியில துண்டு தனியா, அது தனியா காயும். உங்க மாமா பேப்பர்லருந்து தலையத் தூக்கிப் பாத்தா பாக்கட்டும். ஒண்ணு மட்டும் நீயும் நாலு பேருக்கு அனுப்பு. படை வந்தவ எவளும் மருந்துக் கடையில கொடுக்குற களிம்ப வாங்கித் தடவ வேணாம். அதுல ஸ்டீராய்டு கலந்திருந்தா படை பரவும். திருச்சி மகாத்மா காந்தி அரசு ஆஸ்பத்திரியில தோல் டாக்டர் இருக்காங்க. சீட்டு வாங்கிக் காட்டலாம், காசு கெடையாது.