அடங்காத அடங்கல்

1980-இல் எம்.ஜி.ஆர். பரம்பரைக் கர்ணம், மணியகாரர் பதவிகளை ஒழித்தார். எந்த வயலில் என்ன பயிர் என்று எழுதும் அடங்கல் நோட்டு மட்டும் தப்பித்தது. உடுமலைப் பக்கம், அவர்கள் இடத்துக்கு வந்த வி.ஏ.ஓ. (கிராம நிர்வாக அலுவலர்) வாய்க்கால் மேட்டில் நின்று, "ஏனுங்ணா, இந்த வருசமும் மக்காச்சோளந்தானா?" என்று கேட்டால் பாதிக் கணக்கு முடிந்தது. (மீதி டீக்கடையில்.)

பிறகு வேலையைச் சுலபமாக்க மின்னணுப் பயிர்க் கணக்கெடுப்புச் செயலி வந்தது. வயலுக்குள் கால் வைக்கணும், படம் பிடிக்கணும், ஏற்றணும். ஆகாது என்று வி.ஏ.ஓ.க்கள் கையை விரிக்க, 2024 நவம்பரில் வேளாண் கல்லூரி மாணவர்களை வயலில் இறக்கினார்கள். ஒற்றை ஆள் வேலை அவ்வளவு சுலபமாகிவிட்டதால், அதற்குக் கல்லூரி கல்லூரியாக ஆள் தேவைப்பட்டது.

தென்னந்தோப்பில் சிக்னல் தேடி அண்ணாந்து நிற்கும் பையனிடம் தோட்டக்காரர் கேட்கிறார்: "ஏனுங் தம்பி, காயெல்லாமா எண்ணறீங்க?"