உயிரோடிருந்தால் நஷ்டமா?

கேள்வி: இத்தனை கம்பெனிகள், இத்தனை ஏஜெண்டுகள் இருந்தும் இந்தியாவில் இன்ஷூரன்ஸ் ஏன் இன்னும் பரவவில்லை?
- ஒரு வாசகி, விருதுநகர்

பதில்: யார் சொன்னது? சித்தப்பாவோ மச்சானோ ஏஜெண்டாக இருக்கும் எல்லா வீட்டிலும் பரவித்தானே கிடக்கிறது! மார்ச் மாதக் கடைசியில் பாருங்கள், வரிவிலக்குக்காக இன்னும் கொஞ்சம் பரவும். வண்டிக்குப் போடுவது போலீஸ்காரருக்குப் பயந்து.

1956-ல் 245 நிறுவனங்களைச் சேர்த்து எல்.ஐ.சி.யை உண்டாக்கினார்கள். 2000-ல் தனியாருக்கும் கதவைத் திறந்தார்கள். ஆனாலும் 2023-24 கணக்குப்படி நாட்டின் மொத்த பிரீமியம் ஜி.டி.பி.யில் 3.7 சதவீதம்தான். உலக சராசரி 7 சதவீதத்தை ஒட்டி இருக்கிறது. நம் கணக்கில் பெரும்பகுதி ஆயுள் காப்பீடு. அதிலும் நமக்குப் பிடித்தது 'போட்ட பணம் திரும்பி வருமா?' ரகம். குறைந்த பிரீமியத்தில் குடும்பத்துக்குப் பெருந்தொகை தரும் டேர்ம் பாலிசியை நீட்டினால், "நான் சாகாவிட்டால் பணம் போச்சே!" என்கிறோம். உயிரோடிருப்பதை நஷ்டக் கணக்கில் எழுதுகிற தைரியம் வேறு யாருக்கு வரும்?

வரி அதிகம் என்ற சாக்கும் போய்விட்டது. தனிநபர் ஆயுள், மருத்துவ பாலிசிகளுக்கு இருந்த 18 சதவீத ஜி.எஸ்.டி. 2025 செப்டம்பர் 22 முதல் கிடையாது.

ஒன்று மட்டும் செய்யுங்கள். படிவத்தை ஏஜெண்ட் நிரப்ப, நீங்கள் கையெழுத்து மட்டும் போடாதீர்கள். சர்க்கரை, பிரஷர் எதையும் மறைக்காமல் எழுதுங்கள். கிளெய்ம் வரும்போது கம்பெனிக்காரர் முதலில் புரட்டுவது அந்தப் பக்கத்தைத்தான்.