போப் இல்லாத ஊர்

1077 ஜனவரி. இத்தாலியில் கனோசா கோட்டை வாசலில் ஜெர்மானிய மன்னர் நான்காம் ஹென்றி வெறுங்காலோடு மூன்று நாள் பனியில் நின்றார். பிஷப்பை நியமிப்பது யார் என்பதில் போப் ஏழாம் கிரகோரியோடு தகராறு. போப் அவரைத் திருச்சபையை விட்டே தள்ளி வைத்திருந்தார். ஒருவழியாக மன்னிப்பு கிடைத்தது. ஊர் திரும்பித் தெம்பு வந்ததும் ஹென்றி ரோமையே பிடித்து, தனக்குத் தோதான வேறொரு போப்பை உட்கார வைத்தார். அவ்வளவுதான் அந்தப் பாவ மன்னிப்பின் ஆயுசு.

நாற்பது வருஷம் கழித்து நம்ம பக்கம். காவிரிக்கரைத் தலக்காட்டில் சோழருக்காகக் காவல் இருந்தவர் ஓர் அதியமான். தகடூர், அதாவது இன்றைய தர்மபுரியை ஆண்ட குலத்தவர் என்பார்கள். ஒய்சளத் தளபதி கங்கராஜன் வந்து, ஊரை ஒப்படை என்றார். முடிந்தால் சண்டை போட்டு எடுத்துக்கொள் என்றார் அதியமான். அவரும் எடுத்துக்கொண்டார்.

ஜெயித்த கங்கராஜன் சமணர். அவருடைய மன்னர் விஷ்ணுவர்த்தனனோ, ராமானுஜரால் வைணவரானவர் என்பது வைணவர்கள் சொல்லும் கதை. அரசி சாந்தலை கடைசிவரை சமணம். வெற்றிக்காக 1117இல் பேலூரில் பெருமாளுக்குக் கோயில் எழும்பியது. என்ன வேண்டும் என்று மன்னர் கேட்க, கங்கராஜன் சமணத்துக்கு ஓர் ஊரை வாங்கிக்கொண்டார். போர் ஒன்றுதான், வரவு இரண்டு சாமிக்கு!

காரணம் எளிது. நம்மூரில் மதத்துக்குத் தலைமை அலுவலகம் கிடையாது. ஒரு குரு கோபித்தால் ராஜா அடுத்த குருவிடம் போய்விடுவார். மானியம் நின்றுவிடுமோ என்ற பயம் மடத்துக்குத்தான். அங்கே ரோம் தள்ளி வைத்தால் குடிகள் செய்துகொடுத்த சத்தியமே செல்லாது. பிரபுக்கள் வேறு ராஜா தேடக் கிளம்பிவிடுவார்கள். அதனால்தான் 1122இல் வோர்ம்ஸ் நகரில் ஹென்றியின் மகன் ஐந்தாம் ஹென்றி, பிஷப்புக்கு மோதிரமும் கோலும் தரும் உரிமையை எழுதிக்கொடுத்துவிட்டு, செங்கோலால் நிலபுலம் வழங்கும் உரிமையை மட்டும் வைத்துக்கொண்டார். ராஜாவின் கை எட்டாத இடமும் உண்டு என்று அவரையே ஒப்புக்கொள்ள வைத்தார்கள். நம் ராஜாக்களிடம் அப்படி எழுதி வாங்க யார் இருந்தார்கள்? அவர்கள் எழுதிக்கொடுத்ததெல்லாம் தானம்தான்.

தோற்ற குலத்துக்கும் சமணர்மேல் வன்மம் இல்லை. பின்னாளில் வந்த தகடூர்த் தலைவர் விடுகாதழகிய பெருமாள், போளூர் பக்கம் திருமலையில் முன்னோர் எழினி வைத்த யட்சன், யட்சி உருவங்களைப் புதுப்பித்தார். பெயரில் பெருமாள், திருப்பணி சமணருக்கு. கூடவே ஒரு மணியும் கொடுத்து, வாய்க்காலும் வெட்டிவைத்தார்.