மீட்டர் தம்பி

கறுப்பு டீ-ஷர்ட், தோளில் டிரைபாட், நெற்றியில் டார்ச். நம்ம தம்பிதான். பேய் பிடிக்கக் கிளம்பிவிட்டான்.

கையில் அந்த மீட்டர். பச்சையில் தொடங்கிச் சிவப்பில் முடியும் குட்டி விளக்குகள். செய்தவன் அதைச் செய்தது, வயரும் வீட்டுச் சாமானும் எவ்வளவு மின்காந்தப் புலத்தைக் கிளப்புகின்றன என்று பார்க்க. தம்பியின் சட்டமோ வேறு: சிவப்பு எரிந்தால் ஆவி வந்துவிட்டது.

இதை எடுத்துக்கொண்டு ஒரு பொட்டல்காட்டுக்குப் போயிருக்கலாம். எண்ணூருக்கு வந்தான். இங்கே அத்திப்பட்டு அனல் மின்நிலையத்துக் கரண்டு ஓடை நெடுகக் கோபுரம் நட்டுக்கொண்டு போகிறது. கம்பிக்குக் கீழே நின்றால் சிவப்பு. டிரான்ஸ்பார்மர் பக்கம் போனால் சிவப்பு. கும்மிடிப்பூண்டி வண்டி தாண்டும்போது தண்டவாளத்தோரம் நின்று, "செம ஆக்டிவிட்டிண்ணா" என்று கத்துகிறான். சென்னையில் கேட்காமலே ஓடும் மீட்டர் இது ஒன்றுதான்.

ஒருநாள் என் வீட்டுக்கே வந்தான். பிரிட்ஜ் பக்கம் சிவப்பு.

"இந்த எடத்துல யாராவது செத்துப் போனாங்களாண்ணா?"

"போன வருஷம் கம்ப்ரஸர் போச்சுப்பா. மாத்திட்டோம்."

அந்த நேரம் பார்த்து என் மனைவி சட்னிக்கு மிக்சியைப் போட, எல்லா விளக்கும் எரிந்தது. தம்பி வாசல்வரை பின்வாங்கினான். திண்ணையிலிருந்த பக்கத்து வீட்டு ஆயா மீட்டரை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தது. "இதுக்குத்தான் புட்ச்சிருக்கு. பாடிகாட் முனீஸ்வரன் கோயிலுக்கு இட்டுனு போய் ஒரு பூசை போட்ணு வா, கண்ணு."

பிளாஷ் போட்டெடுத்த படத்தில் விழும் வெள்ளை வட்டங்களும் ஆத்மாவாம். லென்சுக்கு முன்னால் மிதக்கும் தூசியில் வெளிச்சம் பட்டால் அப்படித்தான் விழும். அந்தக் கணக்கில் எங்கள் துணிக்கொடியில் தினம் ஆயிரம் ஆத்மா காய்கிறது.

அவனுடைய கனவு, 1970இல் ஓடத் தொடங்கி 2017இல் மூடிய பழைய எண்ணூர் அனல் மின்நிலையம். அங்கே பேய் உண்டோ இல்லையோ, வாட்ச்மேன் உண்டு. அனுமதிக் கடிதம் இல்லாமல் சுவரேறாதே என்று சொல்லியிருக்கிறேன்.

ஆனால் பையன் பொய் சொல்லமாட்டான். 1856இல் திறந்த ராயபுரம் ஸ்டேஷனில் ஒரு வெள்ளைக்காரன் ஆவியாவது மிச்சமிருக்கும் என்று விடியவிடியக் காத்திருந்துவிட்டு, "ஒண்ணும் வரலண்ணா" என்று வாடிய முகத்தோடு வந்து நின்றான். டீ வாங்கிக் கொடுத்தேன்.

என் ஆத்திரம் வேறு. 2023 டிசம்பர் 26 நள்ளிரவு, பெரியகுப்பம் பக்கம் கடலுக்குள் போகும் குழாயில் அம்மோனியா கசிந்தது. கண் எரிந்து, மூச்சு முட்டி, பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு சனம் ரோட்டில் ஓடியது. எத்தனையோ பேர் ஆஸ்பத்திரியில் கிடந்தார்கள். உருவம் இல்லாமல் வீட்டுக்குள் நுழைந்து கழுத்தை நெரித்தது அதுதான். அதற்கு இவன் மீட்டரில் ஒரு விளக்குகூட எரிந்திருக்காது.

காற்றில் என்ன கலந்திருக்கிறது என்று காட்டும் கருவியும் கடையில் கிடைக்கிறது. அதை வாங்கு தம்பி, மொட்டைமாடி தருகிறேன், ராத்திரி பூரா உட்கார், காலையில் நாஷ்டாவும் உண்டு என்றேன்.

கொஞ்சம் யோசித்தான்.

"அதுக்கெல்லாம் வியூஸ் வராதுண்ணா."