உலர்காளான் தேடலும் பதுக்கலும்: ஓர் ஆய்வு

1. ஆய்வின் தேவை

காளானின் பிறப்பு, வளர்ப்பு, உலர்த்தல் ஆகியவற்றைத் தாவர நூலார் கவனித்துக்கொள்கிறார்கள். ஊறவைப்பதிலிருந்து சமையல் நூலார் பொறுப்பேற்கிறார்கள். இவ்விரு சாராருக்கும் நடுவே, பையும் கையுமாகக் கடை கடையாய் ஏறி இறங்கும் மனிதரை எத்துறையும் ஏற்கவில்லை. அக்குறையை நீக்கவே இக்கட்டுரை.

2. ஆய்வின் எல்லை

மூன்று காளான்கள் எடுத்துக்கொள்ளப்பட்டன. முதலாவது ஷிட்டாகே. ஜப்பானில் இதை உலர்த்தி விற்பதில் முன்னிற்பது கியூஷு தீவின் ஓயிட்டா. கருவாலிக் கட்டையில் துளையிட்டு வித்தூன்றினால் விளைச்சலுக்கு ஏறக்குறைய 2 ஆண்டு ஆகும். குடை விரியுமுன் பறித்த தடித்த காளான் தோங்கோ. விரிந்தபின் பறித்த மெல்லியது கோஷின். சீனர்களோ குடைமேல் வெள்ளை வெள்ளையாய் வெடித்திருப்பதைப் பூக்காளான் என்று கொண்டாடுகிறார்கள். வறண்ட காற்றும் இரவுக் குளிரும் சேர்ந்து உண்டாக்கும் வெடிப்பு அது. காலில் வந்தால் களிம்பு தடவுகிறோம்; காளானில் வந்தால் கூடுதல் விலை கொடுக்கிறோம்.

இரண்டாவது, சீனத்தின் குய்ச்சோ மாநிலத்துக்குப் பேர் வாங்கித் தந்த மூங்கில் காளான். வலைப் பாவாடை கட்டிய அழகி. ஆனால் தலையில் உள்ள பசையின் நாற்றத்துக்கு ஈக்கள் மொய்க்கும். தலையை நீக்கியே உலர்த்துவார்கள்.

மூன்றாவது, இமயமலைச் சாரலின் குச்சிக் காளான். பனி உருகும் பருவத்தில் காட்டில் தானாக முளைக்கும். ஊர்மக்கள் தேடிப் பொறுக்கி, நூலில் கோத்து உலர்த்துவார்கள். காய்ந்தது கிலோ பத்தாயிரம் ரூபாயை அலட்டிக்கொள்ளாமல் தாண்டும்.

பாக்கெட்டில் கிடைக்கும் மொட்டுக் காளான் ஆய்வு எல்லைக்கு வெளியே நிற்கிறது. தேட வேண்டியிராத பொருளுக்கு ஆய்வாளர் எதற்கு?

3. தேடுவோரின் ஐந்திணை

அகத்திணை ஒழுக்கங்கள் ஐந்தும் காளான் தேடுவோரிடம் பிறழாமல் அமைந்திருக்கின்றன. இது இவ்வாய்வின் முதற் கண்டுபிடிப்பு.

சூப்பர் மார்க்கெட்டில் கேட்டு, "பட்டன் மஷ்ரூம்தான் சார் இருக்கு" என்ற பதிலோடு வெளியேறுதல் பிரிதல். தீபாவளிக்குச் சிங்கப்பூரிலிருந்து வரும் மைத்துனரின் பெட்டியை நம்பி நாளெண்ணுதல் இருத்தல். சைனாடவுன் பக்கமே போகாத அவர், பெட்டியிலிருந்து கோடாலித் தைலமும் சாக்லேட்டும் எடுத்து வைக்கக் கண்டு கலங்குதல் இரங்கல். பொறுக்கமாட்டாமல் ஆன்லைனில் வாங்கிய குச்சிக் காளானின் பில் வீட்டார் கண்ணில் படுதல் ஊடல். அடுத்த பயணத்தில் மைத்துனர் பூக்காளானோடு வந்திறங்குதல் புணர்தல்.

தேர்ந்தவர் கைக்கு வந்த காளானின் குடையழகில் மயங்கமாட்டார், புரட்டிப் பார்ப்பார். அடிமடல் வெளிர்மஞ்சளாக இருந்தால் நல்லது. கருத்திருந்தால் பழைய சரக்கு. காம்பு படக்கென்று ஒடிய வேண்டும். வளைந்தால் ஈரம் ஏறிவிட்டது.

4. பதுக்கல் தேற்றம்

இத்தனை பாடுபட்டுப் பெற்றது உடனே அடுப்பேறும் என்று எண்ணுவது அனுபவமில்லாதவர் கூற்று. நடைமுறையில் காண்பது வேறு: தேடிய அலைச்சல் கூடக்கூட, சமைக்கும் நாள் தள்ளிப்போகும்.

மொட்டுக் காளான் வாங்கிய அன்றிரவே குழம்பாகிறது. பூக்காளானோ, "யாராவது விருந்தாளி வரட்டும்" என்ற தீர்மானத்தோடு டப்பாவில் அடைபட்டுப் பரண் ஏறுகிறது. விருந்தாளி வந்தால், இவருக்கு இதன் அருமை தெரியுமா என்ற ஐயம் எழுகிறது. அவருக்கு அப்பளமும் வத்தக்குழம்பும் போதும் என்று முடிவாகிறது. கார்த்திகை மாத ஈரத்தில் டப்பாவுக்குள் வண்டு விழுகிறது. அருமை தெரிந்த விருந்தாளி அதுதான்.

5. மறுப்பும் விடையும்

"பச்சைக் காளானையே வாங்கினால் இந்தத் தொல்லை ஏது?" என்பர் ஒரு சாரார். அது பொருந்தாது. காளானில் உள்ள குவானிலேட் என்னும் சேர்மத்தின் சுவையாற்றலை 1957-ல் ஜப்பானிய ஆய்வாளர் அகிரா குனினாகா எடுத்துக்காட்டினார். உலர்ந்து திசு குலைந்த ஷிட்டாகேயை ஊறவைத்துச் சூடாக்கும்போதுதான் அது பெருகுகிறது. கொம்பு என்னும் கடற்பாசியின் குளுட்டமேட்டோடு சேர்ந்தால் சுவை பன்மடங்காகும். ஜப்பானியப் பௌத்த மடங்களின் சைவச் சாற்றில் இவ்விரண்டும் சேர்வது இதனால்தான்.

"வெந்நீரில் போட்டால் சீக்கிரம் ஊறிவிடுமே" என்பர் இன்னொரு சாரார். ஊறும்; சுவை குன்றும். குளிர்ந்த நீரில் போட்டு, மிதக்காமல் மேலே ஒரு தட்டைக் கவிழ்த்து, ராத்திரி முழுதும் ஃபிரிட்ஜில் வைப்பதே முறை. காலையில் தண்ணீர் கட்டஞ்சாயா நிறத்தில் இருக்கும், அடியில் பொடிமண் படிந்திருக்கும். கலக்காமல் மேல்நீரை வடித்துக்கொள்க. காம்பையும் எறியற்க; மலேசியா, சிங்கப்பூர் உணவகங்கள் பலவற்றில் 'சைவ மட்டன்' ஆவது அந்தக் காம்புதான்.

6. முடிவு

உலர்காளானுக்கு உரியவர் விருந்தாளி அல்லர், அலைந்து வாங்கியவரே என்று இவ்வாய்வு தீர்ப்பளிக்கிறது. குச்சிக் காளான் வைத்திருப்போர் மட்டும் அதை நன்றாக வேகவைத்தே உண்ண வேண்டும். பச்சையாகத் தின்றால் நஞ்சு. மற்றவர்கள் பரணிலுள்ள டப்பாவை இறக்கி, இன்றிரவே ஊறப்போடவும். இத்துறையில் மேலாய்வு செய்ய விரும்புவோர், அடுத்த பாக்கெட்டுக்கு மைத்துனரிடம் சொல்வதற்கு முன் முதல் பாக்கெட்டைத் தின்று முடிக்கக் கடவர்.